பிசியோ இல்லாத நேரத்தில் செய்ய வேண்டியவை: நடக்கவோ உட்காரவோ முடியாத பிள்ளைகளின் வீட்டாருக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் நான் உங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்ப்பது இரண்டு முறை, முறைக்கு முக்கால் மணி நேரம், ஆக மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். மீதி நேரம் முழுக்கப் பிள்ளை உங்கள் கட்டிலில், உங்கள் மடியில், உங்கள் வீட்டுத் தார்சாவில் இருக்கிறது. அந்த நேரத்தில் அது எப்படிப் படுக்கிறது, எப்படி உட்காருகிறது, அதை யார் எப்படித் தூக்குகிறார்கள் என்பதை வைத்துத்தான் பத்து வயதில் அதன் முதுகும் இடுப்பும் எப்படி இருக்கும் என்பது முடிவாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் மேல்புறத்தில் இருந்து தோவாளை வரைக்கும் வீடு வீடாகப் போய்ப் பிசியோதெரபி வேலையைச் செய்கிறவள் நான். ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பச் சொல்வதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பெரும்பாலும் மூளை முடக்குவாதம், அதாவது சிபி உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன், வேறு நோய்கள் உள்ளவர்களுக்குத் தனியாகக் கொஞ்சம் கீழே இருக்கிறது.

முதலில் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடமோ பிசியோவிடமோ கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஜி.எம்.எஃப்.சி.எஸ். என்று ஒரு முறை இருக்கிறது, சிபி பிள்ளைகளை ஐந்து நிலையாகப் பிரிப்பார்கள். 1, 2 என்றால் தானாக நடக்கிற பிள்ளைகள், 3 என்றால் வாக்கரோ கோலோ பிடித்து நடப்பவர்கள், 4 என்றால் தாங்கல் கொடுத்தால் உட்காருவார்கள், வெளியே போகச் சக்கர நாற்காலி வேண்டும், 5 என்றால் தலையே சரியாக நிற்காது, எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டும். ஐந்து வயதுக்குப் பிறகு இந்த நிலை பெரும்பாலும் மாறுவதில்லை. இதைச் சொன்னால் அம்மாக்கள் அழுதுவிடுகிறார்கள், எனக்கும் சொல்வதற்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்லாமல் விட்டால் ஆறே மாதத்தில் நடக்க வைக்கிறேன் என்று ஆசை காட்டுகிறவர்களிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுவீர்கள், அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை செய்யப்படாமல் போய்விடும். நிலை 5 பிள்ளைக்கும் வேலை நிறைய இருக்கிறது. வலியில்லாமல் உட்கார வேண்டும், புரையேறாமல் சாப்பிட வேண்டும், நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும், தனக்கு வேண்டியதைக் கண்ணாலோ கையாலோ காட்ட வேண்டும்.

அடுத்தது இடுப்பு எக்ஸ்ரே. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சிபி பிள்ளைகளில் மூன்றில் ஒருவருக்குத் தொடை எலும்பின் தலை இடுப்பு மூட்டின் கிண்ணத்தை விட்டு மெல்ல நழுவுகிறது, ஐந்தாம் நிலையில் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு. பிறக்கும்போது இடுப்பு நன்றாகத்தான் இருக்கும், தசை இறுக்கம் இழுத்து இழுத்து வருஷக்கணக்கில் வெளியே கொண்டுவருகிறது, ஆரம்பத்தில் வலியே இருக்காது என்பதுதான் கொடுமை. நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பெண் குழந்தைக்கு இரண்டு வருஷம் விடாமல் கால் நீட்டும் பயிற்சி கொடுத்தேன். டயப்பர் மாற்றும்போது கால் விரிய மாட்டேன் என்கிறது, அழுகிறது என்று அவள் அம்மா சொன்னதை இறுக்கம்தான் என்று எடுத்துக்கொண்டேன். படம் எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுசாக வெளியே இருந்தது. முன்னாலேயே படம் எடுக்கச் சொல்லியிருந்தால் சின்ன அறுவை சிகிச்சையோடு போயிருக்கும். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையைப் பார்த்தாலும் முதல் நாளே எக்ஸ்ரே எங்கே என்று கேட்கிறேன்.

இரண்டு வயதுக்குள் முதல் படம் எடுத்துவிடுங்கள். நிலை 3, 4, 5 என்றால் அதன் பிறகு ஆறு மாதத்துக்கோ வருஷத்துக்கோ ஒரு முறை, எத்தனை நாள் இடைவெளி என்பதை டாக்டர் சொல்வார். மல்லாந்து படுக்க வைத்து, இரண்டு காலும் நேராக, ஒன்றுக்கொன்று இணையாக, முட்டிச்சில்லு மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். கால் ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கும்போது எடுத்த படத்தில் அளவு தப்பாக வரும், அதனால் எக்ஸ்ரே அறையில் நீங்களே பக்கத்தில் நின்று பிடித்துக்கொள்ளக் கேளுங்கள், கர்ப்பமாக இருந்தால் மட்டும் வேறு ஆளை அனுப்புங்கள். தொடை எலும்பின் தலை எத்தனை சதவீதம் கிண்ணத்துக்கு வெளியே நிற்கிறது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 30-ஐத் தாண்டினால் குழந்தைகளுக்கான எலும்பு டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும். பழைய படத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, பீரோவுக்குள் வைத்தாலும் ஈரம் ஏறிப் படம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது, பிளாஸ்டிக் உறையில் போட்டு, போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது படுக்கை. பிள்ளை மல்லாந்து தூங்கும்போது கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள். இரண்டு முட்டியும் ஒரே பக்கம் சாய்ந்து கிடக்கிறதா? தலை எப்போதும் ஒரே பக்கம், ஜன்னலையோ டிவியையோ பார்த்துத் திரும்பி இருக்கிறதா? தினமும் பத்து மணி நேரம் அப்படியே கிடந்தால் முதுகெலும்பு அந்தப் பக்கமே வளைந்து வளரும். இரண்டு துவர்த்தை, அதாவது துண்டை, இறுக்கிச் சுருட்டி முட்டிகளுக்கு வெளிப்புறம் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள், முட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னத் தலையணை, முட்டிக்குக் கீழே மெல்லிய சுருள் ஒன்று. கட்டிலைத் திருப்பிப் போட்டாலே தலை மறுபக்கம் திரும்பும், அதற்குக் காசு ஒன்றும் ஆகாது. ஒருக்களித்துப் படுக்க வைப்பது பல பிள்ளைகளுக்கு இன்னும் நல்லது, கை இரண்டும் முன்னால் வரும், எச்சில் தொண்டைக்குள் போகாது. ஆனால் எதையும் கட்டிப் போடாதீர்கள், முகத்துக்குப் பக்கத்தில் தலையணை வேண்டாம், வலிப்பு வரும் பிள்ளையாக இருந்தால் டாக்டரிடம் கேட்காமல் இரவில் எதுவும் வைக்க வேண்டாம். பிள்ளை தூக்கம் கெட்டு அழுகிறதென்றால் எடுத்துவிடுங்கள், பகல் தூக்கத்தில் அரை மணி நேரமாக ஆரம்பித்துப் பழக்கலாம்.

உட்கார வைப்பதில் எல்லாரும் தலையில் இருந்து ஆரம்பிக்கிறார்கள், தலை தொங்குகிறதே என்று நெற்றியில் பட்டை கட்டுகிறார்கள். இடுப்பில் இருந்து ஆரம்பியுங்கள். பிட்டம் நாற்காலியின் பின்பலகையில் முட்டும்வரை பின்னால் தள்ளுங்கள், பெல்ட்டை வயிற்றில் போடாமல் தொடையும் இடுப்பும் சேருகிற மடிப்பில் சாய்வாகக் கீழ்நோக்கி இழுத்துப் போடுங்கள், பாதம் தரையிலோ பலகையிலோ முழுசாகப் பதிய வேண்டும். இந்த மூன்றும் சரியானால் பாதிப் பிள்ளைகளுக்குத் தலை தானாகவே கொஞ்சம் நிமிரும், என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். நாற்காலியின் ஆழம் முக்கியம், பிட்டத்தின் பின்பக்கத்தில் இருந்து முட்டியின் உள்மடிப்பு வரை டேப் வைத்து அளந்து அதில் இரண்டு விரல் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணை அடைத்து உட்கார வைத்தால் பிள்ளை அரை மணி நேரத்தில் வழுக்கி முதுகு வளைந்து கிடக்கும். குலசேகரம் பக்கமெல்லாம் ரப்பர் மரப் பலகை சுலபமாகக் கிடைக்கும், உள்ளூர் ஆசாரியிடம் அளவைக் கொடுத்து மூலை நாற்காலி ஒன்று செய்து வாங்கலாம். பின்பலகை இரண்டும் மூலையாகச் சேரும், தோள்பட்டை முன்னால் வரும், நடுவே கால் சேராமல் இருக்க ஒரு கட்டை, முன்னால் முழங்கை உயரத்துக்கு மேசை. பிள்ளை வளரும், வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடி அளக்க வேண்டும்.

பிள்ளையைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம், அதாவது ஸ்டாண்டிங் ஃபிரேம் இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் வரை, வாரத்தில் ஐந்து நாள் என்பது நல்ல இலக்கு. முதல் நாளே ஒரு மணி நேரம் நிறுத்தினால் பிள்ளை அந்தச் சட்டத்தைப் பார்த்தாலே அழும். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் என்று ஏற்றுங்கள். கால் இரண்டும் விரிந்த நிலையில் நிற்பது இடுப்புக்கு நல்லது. கால் நிறம் கறுத்தாலோ வெளிறினாலோ, வியர்த்துக் கொட்டினாலோ, முகம் சுளித்தாலோ இறக்கிவிடுங்கள். இடுப்பு நழுவியிருக்கிறது என்று தெரிந்தால் எலும்பு டாக்டர் சரி என்ற பிறகு மட்டும் நிற்க வையுங்கள்.

இனி எண்ணெய் தேய்ப்பதைப் பற்றி. வர்ம ஆசான்கள் இருக்கிற மண் இது, தடவல், உழிச்சல் இல்லாமல் எந்த வீடும் இல்லை. அகஸ்தீஸ்வரம் பக்கம் ஒரு வீட்டில் பாட்டி என்னிடம், "மக்ளே, நல்லா இழுத்துத் தடவினாத்தான் நரம்பு வழிக்கு வரும்" என்றார். அந்தக் கை அன்பான கை, பேரன் பிறந்ததில் இருந்து தினமும் தடவுகிறது, அதை நிறுத்தச் சொல்ல நான் யார்? தடவுங்கள், பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, உடம்பு இளகுகிறது, பாட்டியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. ஆனால் இழுக்காதீர்கள். நிற்காத, நடக்காத பிள்ளைகளின் எலும்பு மெலிந்திருக்கும், வலிப்பு மாத்திரை சிலவும் எலும்பை மெலிய வைக்கும், தொடை எலும்பு ஒரு சின்ன முறுக்கிலேயே உடைந்துவிடும். இன்னொன்று, பத்து நிமிஷம் காலை நீட்டிப் பிடிப்பதால் தசையின் நீளம் கூடுவதில்லை என்று ஆராய்ச்சிகளில் பார்த்தாகிவிட்டது. தசை நீள வேண்டுமானால் மணிக்கணக்கில் அது நீண்ட நிலையில் இருக்க வேண்டும். அதற்குத்தான் மேலே சொன்ன படுக்கையும் சட்டமும், அப்புறம் கை காலைச் சரியான நிலையில் பிடித்து வைக்கிற ஸ்பிளிண்டும், வாரா வாரம் மாற்றிப் போடுகிற மாவுக்கட்டும். ஆசானிடம் போவதானால் எக்ஸ்ரேயையும் கொண்டுபோய்க் காட்டுங்கள், இடுப்பைத் திருகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள்.

ஏ.எஃப்.ஓ. எனும் கணுக்கால் ஸ்பிளிண்ட் போடும் முறையை ஒரு தடவை பழகிக்கொண்டால் போதும். முட்டியை மடக்கி வைத்துக்கொண்டு குதிகாலை முதலில் உள்ளே அமுக்குங்கள், கணுக்கால் பட்டையை முதலில் இறுக்குங்கள், மேல் பட்டை கடைசியில். உள்ளே பருத்திச் சாக்ஸ், மடிப்பு இல்லாமல், தையல் வெளிப்பக்கம் வருகிற மாதிரி. நம் புழுக்கத்துக்கு மத்தியானம் ஒரு சாக்ஸ் மாற்றுங்கள். கழற்றியதும் சிவப்புத் தடம் இருக்கும், 20 நிமிஷத்தில் மறைந்தால் பரவாயில்லை, அரை மணி நேரம் கழித்தும் இருந்தால் அந்த இடத்தில் பேனாவால் வட்டம் போட்டு, செய்து கொடுத்தவர்களிடம் கொண்டுபோங்கள். அதுவரை போடாதீர்கள்.

தூக்குவதைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் போகிற வீடுகளில் பாதி அம்மாக்களுக்கு முதுகுவலி. இறுக்கமான பிள்ளையை அக்குளில் கைகொடுத்து நேராகத் தூக்கினால் உடம்பு விறைத்து, கால் இரண்டும் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும், தலை பின்னால் போகும், பிள்ளை பயப்படும், நீங்களும் தள்ளாடுவீர்கள். இப்படிச் செய்யுங்கள். தூக்கப் போகிறேன் என்று பேர் சொல்லிச் சொல்லுங்கள், பதில் சொல்லாத பிள்ளைக்கும் சொல்லுங்கள். ஒரு பக்கமாக உருட்டுங்கள். மேலே இருக்கிற காலின் தொடையை மெதுவாக வயிற்றுப் பக்கம் மடக்குங்கள், இழுக்காமல் கை வைத்துக் காத்திருங்கள், நாலைந்து நொடியில் இறுக்கம் உங்கள் உள்ளங்கைக்குள் இளகுவது தெரியும். அப்புறம் அடுத்த கால். இப்போது ஒரு கை தோளுக்குப் பின்னால், இன்னொன்று இரண்டு தொடைக்கும் கீழே, பிள்ளையை உருண்டையாக உங்கள் நெஞ்சோடு சேர்த்து, உங்கள் முதுகை வளைக்காமல் முட்டியை மடக்கி எழுந்திருங்கள். பிள்ளை 20 கிலோவைத் தாண்டிவிட்டால் தனியாகத் தூக்குவதை நிறுத்துங்கள், அப்பாவோ பாட்டாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, இரண்டு பேர் வேண்டும். தரையில் பாய் விரித்துப் படுக்க வைக்கும் வீடுகள் கட்டிலுக்கு மாறினாலே பாதிப் பாரம் குறையும்.

சாப்பாடு கொடுக்கும்போது மடியில் மல்லாத்திப் போட்டு ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார வைத்து, தாடை லேசாகக் கீழே இறங்கியபடி, கரண்டியை முகத்துக்கு நேராகக் கீழிருந்து கொண்டு வாருங்கள். கஞ்சியோ மசித்த மட்டிப் பழமோ, ஒரு வாய் முழுசாக விழுங்கிய பிறகுதான் அடுத்த வாய். சாப்பிட்டு அரை மணி நேரம் நிமிர்ந்தே இருக்கட்டும், சாப்பிட்ட ஒரு மணி நேரத்துக்குப் பயிற்சி வேண்டாம். ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் இருமல், கரகரத்த குரல், அடிக்கடி நிமோனியா என்று இருந்தால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்று சந்தேகப்பட்டு டாக்டரைப் பாருங்கள்.

இதெல்லாம் உடம்பைக் காப்பாற்றும் வேலை. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பிள்ளை தானே முயற்சி செய்ய வேண்டும், நாம் கை காலைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருப்பதால் மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரே ஒரு குறிக்கோளை எடுங்கள், பிள்ளைக்கு ஆசையானதாக இருக்கட்டும். குளச்சல் பக்கம் ஒரு பையனுக்குத் தானாகவே டம்ளரில் சாயா குடிக்க வேண்டும் என்று ஆசை. இரண்டு பக்கமும் பிடியுள்ள கப், கால்வாசிச் சாயா, ஆறவைத்து, மேசையில் முழங்கை ஊன்றி, தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு அதே இடத்தில். முதல் வாரம் சட்டையெல்லாம் சாயா. அவன் அம்மை துடைக்க ஓடி வராமல் இருக்கப் பழகியதுதான் பெரிய விஷயம். ஒரு குறிக்கோளை எட்ட 14-இல் இருந்து 25 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்று ஆராய்ச்சியில் ஒரு கணக்கு சொல்கிறார்கள், தினமும் அரை மணி நேரம் என்றால் 28 நாளில் இருந்து 50 நாள். வாரம் ஒரு நாள் பயிற்சிக்கு வந்து போனால் அந்தக் கணக்கு எப்போது முடியும் என்று யோசியுங்கள். ஒரு கை மட்டும் பலவீனமான பிள்ளைக்கு நல்ல கையில் கையுறை போட்டுவிட்டு மற்றக் கையால் விளையாட விடும் முறை நன்றாகப் பலன் தரும். போட்டாக்ஸ் ஊசி போட்டிருந்தால் இறுக்கம் குறைந்திருப்பது மூன்று நான்கு மாதம்தான், அந்த நாட்களில் பயிற்சியையும் ஸ்பிளிண்டையும் கூட்டாவிட்டால் ஊசிக்குப் போட்ட காசு வீண்.

சிபி இல்லாத பிள்ளைகளுக்குச் சில எச்சரிக்கைகள். டவுன் சிண்ட்ரோம் என்றால் கழுத்து எலும்பு தளர்வாக இருக்கலாம், குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது வேண்டாம். டுஷென் தசைநோய் உள்ள பையன்களைக் களைக்கக் களைக்க ஓட வைக்காதீர்கள், படி இறங்குவது, உட்கார்ந்து எழுவது மாதிரிப் பயிற்சிகள் தசையைச் சேதப்படுத்தும், இரவு ஸ்பிளிண்டும் தண்ணீருக்குள் விளையாடுவதும் நல்லது. முதுகில் கட்டியோடு பிறந்த, ஸ்பைனா பிஃபிடா பிள்ளைகளுக்குக் காலில் உணர்ச்சி குறைவாகவோ இல்லாமலோ இருக்கலாம், தினமும் இரவு பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள், ரப்பர் அலர்ஜி அதிகம் என்பதால் ரப்பர் கையுறையும் பலூனும் வேண்டாம். ரப்பர் வெட்டுக்குப் போய்விட்டு வரும் அப்பாக்கள் பிள்ளையைத் தூக்குவதற்கு முன்னால் கைகழுவிச் சட்டையும் மாற்றுவது நல்லது. எலும்பு எளிதில் உடையும் நோயுள்ள குழந்தையை டயப்பர் மாற்றக் கணுக்காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது, பிட்டத்துக்குக் கீழே கை கொடுத்துத் தூக்குங்கள்.

எப்போதும்போல இருந்த பிள்ளை திடீரென்று இறுக்கம் கூடி அழுதால் பயிற்சியைக் கூட்டாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள். மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, சிறுநீர்த் தொற்று, இடுப்பு, தெரியாமல் போன எலும்பு முறிவு, இவற்றில் ஏதாவது ஒன்று இருக்கும். வலிப்பு ஐந்து நிமிஷத்தைத் தாண்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

உதவிகள் சுருக்கமாக. முதலில் யு.டி.ஐ.டி. எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, அது இல்லாமல் எதுவும் நகராது. கடும் பாதிப்புள்ளவர்களுக்கு மாநில அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய், நாகர்கோவிலில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். சிபி, ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு நிராமயா எனும் மருத்துவக் காப்பீடு இருக்கிறது, வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் அதில் சேரும், நிறையப் பேருக்கு இது தெரியவே இல்லை. மாவட்டத்தின் ஒன்பது ஒன்றியங்களிலும் பள்ளிக்கல்வித் துறையின் வட்டார வள மையம் இருக்கிறது, பள்ளிக்கு வர முடியாத பிள்ளைகளுக்கான பிசியோ பற்றி அங்கே கேளுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போகிறவர்களும் சரி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகிறவர்களும் சரி, ஒவ்வொரு முறையும் சீட்டின் நகலைக் கேட்டு வாங்கி ஒரே ஃபைலில் வையுங்கள்.

அந்த ஃபைலோடு ஒரு நோட்டும் இருக்கட்டும். எத்தனை நிமிஷம் நின்றது, எத்தனை வாய் புரையேறாமல் சாப்பிட்டது, எந்தப் பக்கம் தூங்கியது, இரண்டு வரி போதும். மாதம் ஒரு தடவை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதை முன்னால் இருந்தும் பக்கவாட்டில் இருந்தும் ஒரு நிமிஷம் வீடியோ எடுங்கள், சட்டை இல்லாமல், முதுகு தெரிகிற மாதிரி. நான் வரும்போது முதலில் அதைத்தான் கேட்பேன்.